மணத்துக்கு ஒரு நடுவர்

பாபநாசம் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் எனக்கும் நண்பர்கள் சிலருக்கும் பல வருஷங்களாக உண்டு. தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் கால் வைக்கிற இடம் அது. படிக்குக் கீழே பொரிக்காக மீன்கள் கூட்டம் கூடிக்கொண்டிருக்கும். எங்கள் பேச்சு பெரும்பாலும் இலக்கியம். இலக்கியம் தீர்ந்துபோனால் சாப்பாடு. சென்ற மாதம் ஒரு நாள் பேச்சு வாசனையின் பக்கம் திரும்பிவிட்டது. காரணம், காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு சின்னக் குப்பி. அதில் கால் தோலா அகில் தைலம் இருந்தது. மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. விலையையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசகர்கள் தைலத்தை மறந்துவிட்டு விலையையே முகர்ந்துகொண்டிருப்பார்கள்.

கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் ஒரு புள்ளி வைத்தார். "மோந்து பாருங்க அண்ணாச்சி, எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

முகர்ந்து பார்த்தேன். உள்ளதைச் சொல்வதானால், மழைக்காலத்து மாட்டுத் தொழுவுக்குள் தலையை நுழைத்தது போல் இருந்தது.

"ஆஹா, பிரமாதம்!" என்றேன்.

உடன் இருந்தவர் விக்கிரமசிங்கபுரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னுடைய நாகரிகம் அவருக்குக் கிடையாது. "என்ன காக்கா, தொழு நாத்தம்லா அடிக்கு?" என்றார்.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாத்தியாரே, அசாம் சரக்கு இது. தெரிஞ்சவங்க கொண்டாடுதாங்க. உங்களுக்குத் தெரியலைன்னா சும்மா இருக்கணும்" என்றார்.

"அசாம் எதுக்கு? நம்ம மலையில இல்லாத அகிலா? பட்டினப்பாலையில குடமலை அகில்னு சொல்லியிருக்குல்லா?"

"அது அகிலே இல்ல."

இப்படியாக ஒரு சண்டை மூண்டது. கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி." நான் என்னத்தைச் சொல்ல? தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஒரு 'ஆஹா'வில் தொலைத்துவிட்டேனே!

சண்டையில் பாதி வெறும் சொல்லால் வந்தது. பட்டினப்பாலை மேற்கு மலையிலிருந்து புகாருக்கு வந்த அகிலைப் பற்றிச் சொல்வது உண்மைதான். சிலப்பதிகாரமோ கீழ்க்காற்றோடு கப்பலில் வந்து மதுரைக்குள் நுழைந்த அகிலைப் பற்றிச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்றொரு மரம் இருக்கிறது; அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபு நாட்டார் 'ஊத்' என்று சொல்லி உயிரை விடுகிற அகில் வேறு மரம். அசாமிலும் அதற்குக் கிழக்கே மலேயா வரையிலும் வளர்வது. ஊத் என்றால் அரபியில் கட்டை என்றுதான் பொருள். நம் வீட்டு ஊதுபத்தியில் இருக்கிற ஊதுவும் அங்கிருந்து இந்துஸ்தானி வழியாக வந்ததுதான். ஊதி அணைப்பதால் வந்த பெயர் அல்ல. ஆக, பெயர் ஒன்று, மரம் இரண்டு. இருவரும் சரி. இலக்கிய விமரிசனத்திலும் பாதிச் சண்டைகள் இந்த ரகம்தான் என்பது என் அனுபவம்.

மீதிப் பாதி அப்படித் தீருவதல்ல. அந்தத் தைலம் நன்றாக இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்ல யாருக்கு உரிமை? சொல்கிறவனுக்கு எது அளவு? இந்தக் கேள்விகள் வாசனைத் தைலத்தைப் பற்றியவை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது. தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய சபைச் சண்டையே ஒரு வாசனையைப் பற்றியதுதானே!

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற கேள்வி பாண்டியனுக்கு வந்தது. அதற்கு விடையான பாட்டைச் சிவபெருமான் தருமியிடம் கொடுத்தனுப்பினார். நக்கீரர் குற்றம் கண்டார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது வருகிறது. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தால் தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. படத்தை எடுத்த ஏ. பி. நாகராஜனே நக்கீரராகவும் நடித்தார். அந்த நாளிலிருந்து நமக்கு நக்கீரர் என்றால் நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத வீரர். மேடையில் பேசுகிற ஒவ்வொரு விமரிசகரும் தம்மை ஒரு நக்கீரராகவே பாவித்துக்கொள்கிறார்.

ஆனால் புராணத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். சாதாரணப் பெண்களின் கூந்தலுக்குப் பூவாலும் சாந்தாலும் அகிற்புகையாலும்தான் மணம் வருகிறது என்கிறவரையில் நக்கீரர் சொன்னது நியாயம். பிறகு அவரை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பத்மினி ஜாதிப் பெண்களுக்கு? அவர்களுக்கும் அப்படித்தான். தெய்வப் பெண்களுக்கு? அப்படித்தான். நீர் வணங்கும் காளத்தியப்பனின் தேவி ஞானப்பூங்கோதைக்கு? அதுவும் அப்படித்தான்! இங்கேதான் நக்கீரர் வழுக்கினார். குற்றம் கண்டது தவறல்ல. தம் மூக்கு எட்டாத இடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதுதான் தவறு. விமரிசகனுக்கு வேண்டிய அளவு என்பது தணிவான குரல் அல்ல. எவ்வளவு அறிந்தானோ அவ்வளவு மட்டும் சொல்வது.

எதிர்த் தரப்பும் யோக்கியமாக நடந்துகொண்டதாக நான் சொல்லமாட்டேன். தம் பாட்டைக் குறை சொன்னவனை எரிப்பதற்கு ஆசிரியர் நெற்றிக்கண்ணைத் திறப்பது எந்தச் சபைக்கும் நல்லதல்ல. இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்தப் பாட்டு குறுந்தொகையில் இறையனார் பெயரில் இரண்டாம் பாட்டாக இருக்கிறது. அதில் தலைவன் யாரிடம் கேட்கிறான்? ஒரு தும்பியிடம். பூப் பூவாகப் போய்ப் பார்த்து வந்த பிராணி அது. என் மனம் குளிரவேண்டும் என்பதற்காகச் சொல்லாதே, நீ கண்டறிந்ததைச் சொல் என்று கேட்டுவிட்டுத்தான், இவள் கூந்தலை விட மணமுள்ள பூ உண்டா என்கிறான். பாட்டின் உயிரே இந்த வேண்டுகோள்தான் என்பது என் கட்சி. முகஸ்துதி வேண்டாம் என்று பாடிய பாட்டுக்காக, முகஸ்துதி செய்யாதவனைச் சுட்டெரித்தார்கள்! கூந்தலைப் பற்றி அவ்வளவு வாதாடிய சபையில் தும்பியை யாரும் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கையும் ஒப்புவித்துவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு வாசகர் வட்டத்துக்கு நான் தலைமை வகித்தேன். அன்று பேச்சுக்கு எடுத்துக்கொண்ட நாவலின் ஆசிரியர் என் நண்பர். முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். புகழ்ந்தவர்களுக்கெல்லாம் கால் மணி நேரம் கொடுத்தேன். கடைசியில் ஒரு பையன் எழுந்து, கதாநாயகி பேசுகிற இடமெல்லாம் ஆசிரியர் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று ஆரம்பித்தான். இரண்டாவது நிமிஷம் மணியை அடித்தேன். "சபை மரியாதை" என்று ஏதோ சொன்னதாகவும் ஞாபகம். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கள் கூட்டத்துக்கு வரவேயில்லை. அவன் சொன்னது சரி என்று அன்றே எனக்குத் தெரியும். அன்று நான் செய்ததற்கு நிதானம் என்று பெயர் சொல்லிக்கொண்டேன். அது நிதானம் அல்ல. சிறிய அளவில் ஒரு நெற்றிக்கண்.

புராணம் இந்த விஷயத்தில் நம்மை விட அறிவுள்ளதாக இருக்கிறது. பொற்றாமரையில் விழுந்த நக்கீரரைக் கரையேற்றிய பிறகு அவருக்கு இலக்கணம் கற்பிக்க இறைவன் அகத்தியரை அழைக்கிறார். பொதிகையின் முனிவர் அவர். நாங்கள் உட்கார்ந்திருந்த படித்துறைக்கு மேலே தெரிகிற மலை அவருடையது. தண்டனைக்குப் பிறகு பாடம். அதற்கும் அடுத்த படலத்தில் சங்கப் புலவர்களுக்குள் கலகம் வருகிறது. என் பாட்டுத்தான் உசத்தி என்று ஆளுக்கு ஆள் சண்டை. அதைத் தீர்க்க ஒரு நடுவர் வேண்டும். யாரை நியமித்தார்கள் தெரியுமா? ஒரு வணிகர் வீட்டு ஊமைப் பையனை!

பேச வராதவன் நடுவன். பாட்டுக்களைக் கேட்கிறான். சிலவற்றுக்குக் கொஞ்சம் முகம் மலர்கிறது. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. நக்கீரர், கபிலர், பரணர் பாட்டுக்களைக் கேட்டபோது அவன் உடம்பே சாட்சி சொல்லிவிடுகிறது. கலகம் அடங்கிவிட்டது. இதை ஒரு வேடிக்கைக் கதை என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நல்ல நடுவனுக்கு வேண்டியது வாய் அல்ல, காது. அவனுக்கு நண்பர்கள் இல்லை. சபையில் சொந்தப் பாட்டு இல்லை. எல்லாருக்கும் சமமாகக் காது கொடுக்கிறான். மணியை அடிக்க அவனுக்குத் தெரியாது.

தைலத்துக்குத் திரும்புகிறேன். அகில் மரம் நன்றாக இருக்கிறவரையில் அதில் வாசனை கிடையாது. காயம் பட்டு, பூசணம் பிடித்து, அதை எதிர்த்து மரம் ஊறவைக்கிற பிசின்தான் அகில். அந்தக் கட்டையைச் சிராய்த்துத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு வாலையில் வடித்தால் தைலம். ஊறலில் ஏறுகிற புளிப்பும் தொழு வாசனையும்தான் அசாம் தைலத்தின் முதல் முகம். அது மறைந்து மறு முகம் தெரிய நேரமாகும். ஆகவே வாத்தியார் சொன்னது பொய்யல்ல. ஆனால் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நாவலுக்கு மதிப்புரை எழுதியது போன்றது. நண்பரோ முதல் அத்தியாயமே கிடையாது என்று சாதித்தார்.

அளவு என்பது வாசனைக்கு அலங்காரம் அல்ல, அதுவே வாசனை. மல்லிகையில் 'இண்டோல்' என்று ஒரு பொருள் இருக்கிறது. துளியிலும் துளியாக இருக்கும்போது அது மல்லிகை; அதையே கூட்டினால் மலத்தின் வாடை. 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் பெயராக இருந்து இன்று துர்வாடைக்கு மட்டும் ஆகிவிட்டதே, அந்த வீழ்ச்சிக்கு நடுவே இருக்கிற தூரம் மூக்கின் கணக்கில் அதிகமில்லை. புகழுரையும் அப்படித்தான். 'பிரமாதம்' என்ற சொல்லை நான் மட்டுமே எத்தனை முறை செலவழித்திருக்கிறேன்! இனி உண்மையில் பிரமாதமான ஒன்று வந்தால் அதற்குக் கொடுக்க என் கையில் சொல் இல்லை.

அளவில்லாத ஆசை கடைசியில் ஆசைப்பட்ட பொருளையே தின்றுவிடும். எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்பது வெளியே பார்த்தால் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே தேடிப் போனவர்கள் நல்ல மரத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். 1995-ல் அசாம் அகில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது; 2005 முதல் அந்த இனம் முழுவதும் கட்டுக்குள் வந்தது. இதற்கு நேர்மாறான ஒரு காட்சி ஜப்பானில் இருக்கிறது. நாரா நகரத்துத் தோடாய்ஜி ஆலயத்தின் பழைய பொக்கிஷசாலையில் ஒரே ஓர் அகிற்கட்டை; 156 சென்டிமீட்டர் நீளம், 11.6 கிலோ எடை. பல நூற்றாண்டுகளாக அது அங்கே இருக்கிறது. நாட்டையே நடுங்கவைத்த ஓடா நோபுநாகா 1574-ல் அதில் ஒரு சிறு துண்டுதான் வெட்டிக்கொண்டான். 1877-ல் மேய்ஜி சக்கரவர்த்தியும் ஒரு துண்டு. வெட்டிய இடங்களில் இன்னார் எடுத்தது என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்த நாட்டில் அகிலை முகர்வது என்று சொல்வதில்லை, 'கேட்பது' என்கிறார்கள். ஊமைப் பையனுக்கு அந்த ஊரில் நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கும்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். நடு இரவில் விழிப்பு வந்தது. தலைக்கு அடியில் வைத்திருந்த கையிலிருந்து ஒரு மணம். பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல், கொஞ்சம் தேன் கலந்தாற்போல். தொழு எங்கோ போய்விட்டிருந்தது. வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன். பெருமை தைலத்துக்கு, வெட்கம் எனக்கு. மாலையில் சொன்ன 'ஆஹா'வை இப்போது சொல்லியிருக்கலாம். அது ஏற்கெனவே செலவாகிவிட்டது.

மறுநாள் படித்துறையில் நண்பரிடம் இரண்டையும் சொன்னேன். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, பொய் சொன்னேன். ராத்திரி பிடித்தது, இது நிஜம் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அப்பவே தெரியும் அண்ணாச்சி. வாய் 'ஆஹா'ன்னுது. மூக்கு சுருங்குச்சுல்லா?"

வாத்தியார் மணிக்கட்டை நீட்டி, "எனக்கும் ஒரு புள்ளி வையுங்க காக்கா. நாளைக்குச் சொல்லுதேன்" என்றார்.