ஒன்பது பேரும் இரண்டு பத்திரிகைகளும்

2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தரப்படுவது வெளியே தெரிந்தது. முதல்வர் ஜெயலலிதா கண்டித்தார், கட்சிகள் கொதித்தன, மத்திய அரசு அவர்களைப் பெங்களூர் எலகங்காவுக்கு மாற்றியது. அங்கேயும் கூடாது, நாட்டைவிட்டே அனுப்பு என்றார் முதல்வர். அந்த வாரம் முழுக்க மேற்குத் தாம்பரம் டீக்கடை ஒன்றில் ஒரு தமிழ் நாளேட்டையும் ஒரு ஆங்கில நாளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் 'சிங்களப் படையினர்', துரோகம். மற்றதில் 'பயிற்சி பெறுவோர்', அண்டை நாட்டு உறவு கெடுமே என்ற கவலை. என்ன பயிற்சி, எத்தனை காலமாக, 2009க்கு முன்னும் நடந்ததா என்ற கேள்விகளை இரண்டிலும் நான் காணவில்லை. தாம்பரத்துச் செய்தி முதல் நாளே கோட்டைக்கும் தில்லிக்கும் கிளம்பிப் போய்விட்டது.

இந்தப் பழக்கம் முற்றியது 2009இல். வன்னிப் போர்முனைக்குள் சுதந்திரமான பத்திரிகையாளர்களை இலங்கை அரசு விடவில்லை. ஆகவே சென்னையில் எழுதப்பட்ட ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் யாரோ ஒரு தரப்பு சொல்லிவிட்டது. அந்த யாரோ யாரென்று வாசகனுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? தமிழில் அதற்கென்றே வினைமுற்றுகள் இருக்கின்றன: 'கூறப்படுகிறது', 'தெரியவருகிறது'. ஆங்கிலத்தில் 'ராணுவ வட்டாரங்கள்'. கொழும்பு போரை 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. ஷெல் விழுந்த இடத்துக்குப் பெயர் 'பாதுகாப்பு வலயம்'. இங்கே 'தொப்புள்கொடி உறவு'. இரண்டு சொல்லாடல்களிலும் செத்தவனுக்கு வாய் கிடையாது.

நாமும், சிறுபத்திரிகைக்காரர்களும் இயக்கத் தோழர்களும், இதற்கு வெளியே நின்றோம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது. அரசின் மீது ஐந்து வகைக் குற்றச்சாட்டுகள், புலிகள் மீது ஆறு. நாம் ஐந்தை மேடையில் வாசித்தோம். தப்பி ஓடிய சனங்களைச் சுட்டதும் பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததும் நம் துண்டறிக்கைகளில் ஏறவில்லை. அந்த ஆறைப் பிடித்துக்கொண்டவர்களோ, ஆஸ்பத்திரிகள்மீது விழுந்த ஷெல்லைத் தாண்டிக் குதித்தார்கள். இரண்டும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான சாவுகளுக்கு அரசின் ஷெல்லடியே காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் ஒரு அறிக்கையை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். தோழர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

மின்சார ரயிலில் தாம்பரம் வரும்போது மீனம்பாக்கம் தாண்டுகிறோம். 1984 ஆகஸ்ட் 2 இரவு அந்த விமான நிலையத்தில் ஈழ இயக்கமொன்றின் குண்டு வெடித்தது. கொழும்புக்குப் போகவேண்டிய குண்டு. சுமார் 30 பேர் செத்தார்கள். அதில் பலர் இலங்கைக்காரர்கள். நம்முடைய எந்தக் கதையாடலிலும் அவர்களுக்கு இடம் இல்லை. தமிழனுக்குப் பெருமையும் தராது, அழுகையும் தராது.

சேலையூரில் வாடகைக்கு இருக்கும் ஈழத்து அக்கா ஒருவரிடம் அந்த ஒன்பது பேரைப் பற்றிக் கேட்டேன். "அவையள் எங்க படிச்சா எனக்கென்ன தம்பி," என்றார். "என்ர தம்பியை 2008இல இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. 2009இல வட்டுவாகலில ஆமியிட்ட நாங்களே கையளிச்சனாங்கள். பிறகு ஆளைக் காணேல்லை." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இடையில் 'ஆனால்' இல்லை.

அவரிடம் ஒரு முறை நிருபர் ஒருவர் வந்திருக்கிறார், எந்தப் பத்திரிகை என்பது இங்கே வேண்டாம். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவர் எழுந்திருக்கும்போது சொன்னாராம்: "அக்கா, அந்த முதல் பாதி வேணாம். நம்ம வாசகர்கள் கோவிச்சுக்குவாங்க." தம்பியின் பெயரை அவர் கேட்கவில்லை.