நரகம் யாருக்கு? - லாசரு கதையை ஆம்பூரிலிருந்து வாசித்தல்

என் நைனா செத்த அன்று சாயங்காலம், பெட்டியை மூடுவதற்கு முன்னால் பாஸ்டர் பதினைந்து நிமிஷம் பேசினார். அதில் பத்து நிமிஷம் நரகத்தைப் பற்றி. அணையாத தீ, சாகாத புழு, எரிகிற கந்தகம் என்று வரிசையாகச் சொன்னார். குடிகாரர்களுக்கு அங்கே இடம் உண்டு, ஓய்வுநாளை மதிக்காதவர்களுக்கும் உண்டு என்றார். நைனா குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடைத்தால் சபைக்குப் போகமாட்டார். இது தெருவுக்கே தெரியும், பாஸ்டருக்கும் தெரியும். அவர் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாம் நாள் அம்மா கேட்டாள்: "ஏண்டா, நைனா இப்போ அங்கதான் கீறாரா?"

மேடைகளில் மதத்தைக் கிழித்துப் பேசியிருக்கிறேன். ஆனால் அம்மாவிடம் 'நரகமே கிடையாதும்மா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடம். அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷன் 1890களில் கிருஷ்ணகிரி, ஆம்பூர்ப் பக்கம் வந்தது. ஆம்பூரில் பெதஸ்தா ஆஸ்பத்திரி 1921இல் வந்தது. ஊருக்குள் நம்மைத் தொடாதவர்கள் இருந்த காலத்தில் வந்த கைகள் அவை. அந்த நன்றிக்கடனும் நரக பயமும் அம்மாவிடம் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. ஒன்றைப் பிடுங்கினால் மற்றொன்றும் சேர்ந்து வரும். எனவே அவள் கேட்ட கேள்வியை அவளுடைய வேதத்துக்குள்ளேயே போய்த் தேடுவது என்று முடிவு செய்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் கணக்கு.

முதலில் நைனாவின் வேலை. அவர் 28 வருஷம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். உப்புத் தோலை ஊறவைத்து, மயிர் உதிர்வதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தண்ணியில் போடுவார்கள். அதைப் புரட்டுவதும் இழுப்பதும் கையால்தான். சுண்ணாம்பு நகத்தைத் தின்னும், விரல் நுனியைத் தின்னும். நைனாவின் கையில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மிஷின் அவர் விரலை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அந்தச் சல்பைடு தண்ணியில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுவான். பாஸ்டர் சொன்ன கந்தகம் எங்கள் தெருவுக்குப் புதுசு இல்லை. செத்த பிறகு பார்க்கப்போகிற சரக்கும் இல்லை.

அடுத்து சொல். தமிழ் படித்தவன் என்பதால் சொல்லில் இருந்து தொடங்குவது எனக்குப் பழக்கம். வேதாகமத்தின் மூலமொழிகளில் ஷியோல், ஹாதேஸ், கெஹன்னா என்று வேறுவேறு சொற்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் செத்தவர்கள் போய்ச் சேருமிடம். மூன்றாவதுதான் தீயோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தமிழில் பாதாளம், நரகம், எரிநரகம் என்று மொழிபெயர்த்தார்கள். பிரசங்க மேடைக்கு வந்ததும் எல்லாம் ஒரே நரகமாகிவிட்டது. அந்த 'நரகம்' வடமொழிச் சொல். யமனும் சித்திரகுப்தனும் எண்ணெய்க் கொப்பரையும் ஏற்கெனவே குடியிருந்த வீடு அது. சாதி தர்மத்தை மீறியவனுக்குத் தண்டனை என்று புராணம் கட்டிவைத்த வீட்டிலேயே கிறிஸ்தவ நரகமும் வாடகைக்குக் குடியேறியது.

கெஹன்னா என்பது எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு. ஊர்க் குப்பை எரிந்த மேடு என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அதற்கு எழுத்தில் கிடைக்கிற பழைய ஆதாரம் கி.பி. 1200ஐ ஒட்டி வாழ்ந்த யூத உரையாசிரியர் டேவிட் கிம்கியின் குறிப்புதான். வேதாகமம் சொல்வது வேறு. ஆகாஸ், மனாசே என்ற ராஜாக்கள் பிள்ளைகளைத் தீயில் போட்ட இடம் அது. எரேமியா அந்த இடத்தில் வைத்துத்தான் சாபமிடுகிறார். ஆக, நரகத்துக்குப் பெயர் கொடுத்ததே ராஜாக்கள் பூமியில் செய்துவைத்த ஓர் இடம். குடிகாரன் செய்தது அல்ல.

அடுத்து இலக்கியம். ஜான் பனியன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. தன் குடும்பம் நாட்டிலேயே மிகவும் இழிவாகப் பார்க்கப்பட்ட குடும்பங்களில் ஒன்று என்று அவரே எழுதியிருக்கிறார். அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660இலிருந்து பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்தார். ஜெயிலுக்குப் போவதற்கு முன், 1658இல், நரகத்திலிருந்து வரும் பெருமூச்சுகள் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். லூக்கா 16ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் - லாசரு கதைக்கு அது விளக்கம். பணக்காரர்கள் மேல் அவ்வளவு கோபம் அதில் இருக்கிறது.

பனியனின் மோட்சப் பயணம் (1678) தமிழில் காப்பியமானது, எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமாக, 1894இல். கிருஷ்ணபிள்ளை நெல்லை வைணவ வேளாளர், 1858இல் கிறிஸ்தவரானவர். கிறித்துவக் கம்பர் என்று பாடத்தில் படித்தோம். அவருடைய விருத்தத்தின் அழகை நான் மறுக்கவில்லை. எம்.ஏ.வில் ரசித்துப் படித்தவன்தான். ஆனால் பாத்திரம் அடைக்கிறவனின் பேச்சுமொழி கம்பனின் விருத்தத்துக்குள் போனபோது யாருடைய கைக்குப் போனது என்று கேட்க வேண்டும். காப்பியமாக்க அவர் எடுத்துக்கொண்டது பயணத்தை. பணக்காரனின் நரகத்தை அல்ல. தனி ஆத்துமா தன் பாவச்சுமையோடு நடந்துபோகிற கதை தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெரிய கதையாக நிலைத்தது. வாசலில் கிடந்தவனின் கதை ஞாயிறு பள்ளிச் சிறுகதையாகச் சுருங்கிவிட்டது.

அந்தக் கதைக்கு வருவோம். இயேசு சொன்ன உவமைகளில் பெயரோடு வருகிற ஏழை லாசரு ஒருவன்தான். பணக்காரனுக்குப் பெயரே இல்லை. நம் ஊர்க் கல்வெட்டுக்கு நேர்எதிர் இது. லாசரு அவன் வாசலில் புண்ணோடு கிடக்கிறான், நாய் நக்குகிறது. இருவரும் சாகிறார்கள். லாசரு ஆபிரகாமின் மடியில், பணக்காரன் தீயில். பணக்காரன் குடித்தான், கொன்றான், சபைக்கு வரவில்லை என்று எந்தக் குற்றச்சாட்டும் கதையில் இல்லை. நன்றாகத் தின்றான், நன்றாக உடுத்தினான், வாசலில் ஒருவன் கிடந்தான். இவ்வளவுதான் குற்றப்பத்திரிகை.

தீயில் கிடந்துகொண்டு பணக்காரன் என்ன கேட்கிறான்? 'லாசருவை அனுப்பு.' விரல் நுனியைத் தண்ணியில் நனைத்துவந்து தன் நாக்கில் வைக்க வேண்டுமாம். அதுவும் லாசருவிடம் நேராகக் கேட்கவில்லை, ஆபிரகாமிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறான். அது நடக்காது என்றதும், உயிரோடு இருக்கிற தன் ஐந்து சகோதரர்களை எச்சரிக்க லாசருவை அனுப்பு என்கிறான். நரகத்துக்குப் போயும் லாசரு இவனுக்கு ஏவலாள்தான்! உடம்பு எரிகிறது, ஆனால் அந்த ஆண்டைப் புத்தி எரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் தொட்ட தண்ணி தீட்டு என்று சொன்ன ஊர் இது. தனிக் குவளை, தனிக் கிணறு. அந்த விரலின் நுனியில் ஒட்டிய ஒரு சொட்டுக்காக நாக்கை நீட்டிக் காத்திருக்க வேண்டிய இடத்துக்குத்தான் இந்தக் கதை நரகம் என்று பெயர் வைக்கிறது. இதை நம் மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆபிரகாமின் பதில்தான் கதையின் உயிர். மோசேயும் தீர்க்கதரிசிகளும் ஏற்கெனவே சொல்லியாயிற்று, அதைக் கேட்காதவர்கள் செத்தவன் எழுந்துவந்து சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அதாவது சட்டம் இருக்கிறது. எங்கள் பாலாற்றுக்கும் இருக்கிறது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், பாழாக்கியவனே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, இழப்பீடு கொடு, பாழாக்கியவரிடம் வசூல் செய் என்று திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம். நைனா குழியில் நின்றதும் 28 வருஷம். ஐந்து சகோதரர்களும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

திருக்குறளில் நரகத்துக்கு 'அளறு' என்று ஒரு சொல் உண்டு. சேறு என்றும் அதற்குப் பொருள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தக் கழிவுச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் செய்த பாவம் என்ன? எந்த பாஸ்டரும் பதில் சொல்லமுடியாத கேள்வி இது.

சபைகளும் யோக்கியமில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைக்குள் தலித் பிணங்களைப் பிரித்து எழுப்பிய சுவரை எல்லோரும் அறிவோம். மோட்சத்தில் சாதியில்லை என்று பிரசங்கித்துவிட்டு, அதற்குப் போகிற வாசலில் சுவர் எழுப்பினார்கள். கதையில் ஒரு பெரும் பிளவு வருகிறது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகமுடியாது என்று. அதைத் தோண்டியது கடவுள் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலுக்கும் பந்திக்கும் நடுவே பணக்காரன் விட்ட இடைவெளிதான் அது.

தோழர்கள் கேட்கலாம், அப்படியானால் முதலாளிகள் நரகத்துக்குப் போகட்டும் என்கிறாயா என்று. ஆசை இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். தண்டனைக்கு முடிவே இல்லையா என்ற விவாதம் சபைக்குள் மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் காலத்திலேயே உண்டு. முடிவுண்டு என்பாரை லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை கண்டித்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நியாயத்தைச் சாவுக்கு அப்பால் தள்ளிப்போடுகிற எந்த நரகமும் முதலாளிக்கு வாய்தாதான். லூக்காவின் கதை வாய்தா கொடுக்கவில்லை. இருக்கும்போதே கேள் என்கிறது.

ஒருநாள் இரவு அம்மாவுக்கு அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பேசாமல் கேட்டாள். பிறகு, "லாசரு தண்ணி குடுத்தாரா?" என்றாள்.

"இல்லமா. நடுவுல பெரிய பள்ளம் கீது, போவ முடியாதுன்னுட்டாரு ஆபிரகாமு."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "போவ முடிஞ்சிருந்தா உங்க நைனா குடுத்திருப்பாரு."

நைனா எந்தப் பக்கம் இருக்கிறார் என்று அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அது வேறு விஷயம்.

எங்கள் தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனி தோல் ஷாப்பு ஆள் யார் செத்தாலும் அடக்கத்தில் லூக்கா 16ஐப் பத்தொன்பதாம் வசனத்திலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். பாஸ்டர் வாசிக்காவிட்டால் நாங்களே வாசிப்போம்.