மூவர் நின்ற இடம்: மண்டகப்பட்டுக் குடைவரையும் நான்காவது ஆளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மண்டகப்பட்டுக்குப் போவதென்றால் விழுப்புரத்தில் இறங்கி செஞ்சி பஸ் பிடிக்க வேண்டும். 1993க்கு முன்பு இரண்டும் தென்னார்க்காடு. பிறகு, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை, விழுப்புரம் மாவட்டம். எம்.ஏ. தமிழ் படித்தபோது மண்டகப்பட்டுக் கல்வெட்டைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டவன் நான். கல்லை நேரில் போய்ப் பார்த்தது சில வருஷம் கழித்துத்தான். துணைக்கு வந்த நண்பர் கல்குவாரியில் வேலை பார்ப்பவர்.

கல்வெட்டு கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் இருக்கிறது. அதன் சாரத்தை அவருக்குச் சொன்னேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மனுக்கும் ஈசுவரனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்த இலக்ஷிதாயதனத்தை அமைத்தான். விசித்திரசித்தன் என்பது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். நண்பர் தூணைத் தடவிப் பார்த்தார். "உலோகம் இல்லாமலா? அப்ப உளிய எதுல செஞ்சானாம்?" என்றார்.

அரசன் சொல்வது கட்டுமானப் பொருளைப் பற்றி, கருவியைப் பற்றி அல்ல என்று நான் பாடம் நடத்தினேன். அவர் விடவில்லை. "கருங்கல்லுல உளி சீக்கிரம் மழுங்கிடும். பக்கத்துலயே கொல்லன் உலை வெச்சி, காய்ச்சித் தட்டிக் குடுத்துக்கிட்டே இருக்கணும். கல்லடிக்க ஒரு ஆள்னா உளியடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார். வகுப்பறையில் எனக்குக் கிடைக்காத வாசிப்பு இது.

1

நமது ஆய்வு மரபில் ஒரு பிரிவினை உண்டு. கல்வெட்டு என்றால் சான்று. தலபுராணம் என்றால் கட்டுக்கதை. கல்வெட்டை வரலாற்றுத் துறை எடுத்துக்கொள்ளும்; கதையை நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒதுக்கிவிடும். மண்டகப்பட்டுக்குத் தலபுராணம் என்று ஏதும் வளரவில்லை. கோயிலுக்குக் கதை வளர வேண்டுமென்றால் பூசை நடக்க வேண்டும், திருவிழா வேண்டும், சொல்லிப் பிழைக்கிறவர்கள் வேண்டும். இங்கே கருவறைகள் காலி. ஆனால் அந்தக் கல்வெட்டே தலபுராணத்தின் வேலையைப் பார்த்திருக்கிறது. ஒரு தலபுராணம் என்ன செய்யும்? இந்த இடம் யாருடையது, யாரால் வந்தது, இதற்கு முன் இங்கே என்ன இல்லை என்று சொல்லும். மண்டகப்பட்டுக் கல்வெட்டு இந்த மூன்றையும் சொல்கிறது. பாடப்புத்தகங்கள் அதைத் திருப்பிச் சொல்லி, தமிழ்நாட்டின் முதல் குடைவரை என்று பெருமையும் சேர்த்தன. பிள்ளையார்பட்டியை முன்வைத்து அந்த 'முதல்' என்பதை மறுப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பந்தயத்தில் அக்கறை இல்லை. 'முதல்' என்று சொல்ல எதையெல்லாம் அழிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கல்லைக் குடைந்து மனிதன் தங்குவது மகேந்திரனோடு தொடங்கவில்லை. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில், 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளியைக் குறிக்கிறது. அவனும் அரசன்தான். ஆனால் மதுரைப் பக்கத்து அழகர்மலைக் குகையில் பெயர் பொறித்திருப்பவர்களைப் பாருங்கள்: உப்பு விற்பவர் இருக்கிறார், கொழு விற்பவர் இருக்கிறார். கொழு என்றால் ஏர்முனை, இரும்பு. குகையைக் கொடுத்தவர்கள் வரிசையில் இரும்பு வியாபாரியின் பெயர் ஏறிய ஒரு காலம் இருந்தது. சில நூற்றாண்டுகள் கழித்து, மண்டகப்பட்டில், உலோகம் 'இல்லாமல்' போகிறது. தமிழும் இல்லாமல் போகிறது. ஒரே ஒரு பெயர் மிஞ்சுகிறது. நான்கு இன்மைகளை அடுக்கிவிட்டு அரசன் தன்னை வைக்கிறான். வாக்கியத்தின் அமைப்பே ஒரு அதிகாரம்.

2

கல்வெட்டை மூடிவிட்டு அமைப்பைப் பார்ப்போம். முகப்பில் நடுவே இரண்டு தூண்கள், ஓரங்களில் இரண்டு அரைத்தூண்கள். ஆக மூன்று வாய்கள். தூணின் அடியும் தலையும் சதுரம், நடுவே எட்டுப்பட்டை. உள்ளே இன்னொரு தூண் வரிசை மண்டபத்தை முன்னும் பின்னுமாகப் பிரிக்கிறது. பின்சுவரில் மூன்று கருவறைகள். முகப்பின் இரு முனையிலும் மாடக்குழிக்குள் ஆளுக்கொரு துவாரபாலகர், கதைமேல் சாய்ந்தபடி. கே.ஆர். சீனிவாசன் 1964இல் வெளியிட்ட பல்லவர் குடைவரைகள் பற்றிய நூல் இவற்றையெல்லாம் பொறுமையாக விவரிக்கும். விவரித்துவிட்டு நின்றுவிடும்.

அங்கே நின்று பார்க்கிறவனுக்கு முதலில் படுவது வேறு. கடவுள்களைக் காணோம். காவல்காரர்கள் அப்படியே இருக்கிறார்கள். கல்வெட்டு மூன்று கடவுள்களைச் சொல்கிறது. அமைப்பில் மிஞ்சிய மனித உருவங்களோ வாசலில் நிற்கிற இரண்டு பேர். கல்லில் நிரந்தரமாகச் செதுக்க வேண்டியது காவலைத்தான் என்று அந்த அரசுக்குத் தோன்றியிருக்கிறது. கருவறைக்குள் வண்ணத்திலோ சுதையிலோ மரத்திலோ உருவம் இருந்திருக்கலாம் என்பார்கள். அப்படியானால் கல்வெட்டு மறுத்த மரமும் சுண்ணாம்புமே சாமியாக உள்ளே வந்திருக்கின்றன என்றாகிறது. முகப்பில் 'இல்லை' என்று அறிவிக்கப்பட்டது உள்ளே தேவைப்பட்டிருக்கிறது.

மூன்று தெய்வத்துக்கும் அடுத்தடுத்து ஒரே வரிசையில் இடம் என்ற இந்தச் சமத்துவமும் நிலைக்கவில்லை. பின்னால் வந்த சைவ, வைணவப் பெருங்கோயில்களில் பிரம்மனுக்குச் சுவரில் ஒரு மாடம் கிடைத்தால் பெரிது. மூவர் என்று எண்ணுவது ஒரு ஏற்பாடு. யார் எண்ணுகிறார்கள், எண்ணிக்கையில் யாரை விடுகிறார்கள் என்று கேட்டால்தான் அது வெளியே தெரியும்.

3

இந்த மூன்று என்ற எண்ணை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், எங்கள் பக்கம் திருக்கோவிலூரில் சொல்லப்படும் இடைகழிக் கதை. மழை இரவு. இருட்டான ஒரு இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையாழ்வார் படுத்திருக்க, பூதத்தார் வருகிறார், இருவரும் உட்காருகிறார்கள். பேயாழ்வார் வருகிறார், மூவரும் நிற்கிறார்கள். அப்போது நான்காவதாக ஒருவர் உள்ளே வந்து நெருக்குகிறார். அவர்தான் பெருமாள்.

தமிழில் இதைப்போல ஒரு தலக்கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. இடத்தின் கொள்ளளவே இதில் கதையாகிறது. வைணவ உரை மரபு இதை அன்பின் நெருக்கமாக வாசிக்கும். அந்த வாசிப்பின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கதையைக் கேட்டபோது, நான்காவது ஆளுக்கு இடமில்லாத கட்டடத்தில்தான் கடவுள் நான்காவதாக வருகிறார் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. கதை தனது தரைப்படத்தையே மீறுகிறது.

கோயிலோ கதையைப் பின்பற்றவில்லை. அங்கே மூலவர் திரிவிக்கிரமர், உலகளந்தவர். மூன்றடி மண் கேட்டு, இரண்டடியில் எல்லாம் முடிந்து, மூன்றாமடியை மாவலியின் தலையில் வைத்தவர். இங்கேயும் மூன்று, இங்கேயும் கணக்குக்குள் வராத ஒருவன், நிலத்தைப் பறிகொடுத்தவன். மூலவர் மரத்தால் ஆனவர் என்பது அந்தக் கோயில் மரபு. மகேந்திரன் வேண்டாமென்ற மரம் இங்கே கருவறையில் கால்தூக்கி நிற்கிறது. நான்காவதாக நெருக்கி வந்த பெருமாளின் சந்நிதிக்குள் சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் உரிமையோடு நுழைய 1947ஆம் வருஷத்துச் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. இடைகழியில் இடம் உண்டு என்றது கதை. கோயில் அமைப்பு அதைச் சட்டம் வரும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

பொய்கையாழ்வார் காஞ்சிபுரத்துக்காரர் என்பது மரபு. மகேந்திரனின் தலைநகரும் காஞ்சி. காஞ்சியிலிருந்து வந்த இன்னொரு மூவர் கதை கல்வராயன் மலையில் உண்டு.

4

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் மலையாளம் பேசுகிற கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்பது பெயரின் பொருள். தங்களைக் காராளர் என்றும் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் தெய்வம் கரிராமன். காஞ்சியை விட்டுக் கரிராமன் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் குடும்பத்தோடு பின்னால் வந்தார்கள் என்பது கதை. யார் எந்த மலைக்குப் போனார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு. இதற்குக் கல்வெட்டு ஆதாரம் இல்லை என்பதால் ஆய்வாளர் 'ஐதீகம்' என்ற பெட்டியில் போட்டுவிடுவார்.

ஆனால் 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இன்னொன்றையும் பதிந்திருக்கிறார். முன்பு மலையில் வேடர்கள் இருந்தார்கள். வந்தவர்கள் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்தார்கள். அதன் நினைவாகக் கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடுகிறார்கள், செத்த வேடக் கணவனைக் குறிக்கும் வெடி அது என்று. எழுதியவர் வெள்ளைக்கார அதிகாரி. யாரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற அரசாங்கக் கவலை அவர் எழுத்தில் உண்டு. அப்படியே நம்பச் சொல்லவில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்பிட்டே ஆக வேண்டும். அரசனின் கல்வெட்டு தனக்கு முன் இருந்ததை 'இல்லாமல்' என்ற சொல்லால் துடைக்கிறது. மலைக்கதையோ தான் அழித்த ஆளைச் சடங்கில் ஏற்றி, ஒவ்வொரு கல்யாணத்திலும் கூப்பிடுகிறது. மூன்று அண்ணன்மாருக்கும் நான்காவது ஆள் அந்த வேடன்.

இதைச் சொன்னதும் மலைக்கதையைத் தலையில் தூக்கிவைத்து ஆட நமக்கு ஆசை வரும். அதில்தான் நான் தயங்குகிறேன். அந்த வெடிச்சத்தத்தை மணவறையில் உட்கார்ந்து கேட்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கதை அவளைக் கொல்லப்பட்டவனின் மனைவி என்றும், கொன்றவனின் மனைவி என்றும் ஆக்குகிறது. அவளுக்கு ஒரு வசனம் இல்லை. விளிம்பின் குரல் என்று நாம் கொண்டாடும் கதைக்குள்ளும் ஒரு விளிம்பு இருக்கிறது. பழங்குடி என்றால் ஆதியிலிருந்து கறைபடாதவர் என்று எழுதும் நம் நண்பர்களும் ஒரு தலபுராணம்தான் எழுதுகிறார்கள்.

வந்து குடியேறியவர்களும் மலையை ஆண்டதாகச் சொல்ல முடியாது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பெயர்களில் மூன்று ஜாகிர்கள் மலையைப் பிரித்து வைத்திருந்தன. ஜாகிர் உரிமை விஜயநகர அரசன் கிருஷ்ணதேவராயரிடமிருந்து வந்தது என்பது ஜாகிர்தார்கள் தரப்புக் கதை. குடிகள் அவர்களுக்கு வேலை செய்ய வேண்டியிருந்தது. நாட்டுக்கு 1947இல் சுதந்திரம். கல்வராயன் மலை அரசாங்கத்தின் நேர்நிர்வாகத்துக்குள் வந்தது 1976இல், அவசரநிலைக் காலத்தில். திரும்பவும் மூவர், திரும்பவும் ஒரு அரசனின் பெயர், அதன்கீழ் பெயரில்லாத உழைப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை ஒரு வழக்காக எடுத்தது. அதுவரை மலை என்றால் வெளியாட்களுக்குச் சாராயக் கதையும் அருவிக் கதையும்தான்.

5

குடைவரையிலிருந்து விலகி எங்கோ போய்விட்டதாக வாசகர் நினைக்கலாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கல்வெட்டு, தலக்கதை, மலைக்கதை, ஜாகிர் கதை எல்லாமே ஒரு இடத்தைத் தன்னுடையது என்று சொல்லும் பிரதிகள். இவற்றில் எது உண்மை, எது பொய் என்று பிரிப்பதோடு நின்றால் எழுத்து தெரிந்தவன் பக்கமே தீர்ப்பு போகும். அதைவிட, அந்தந்த இடத்தின் அமைப்பை வைத்துக் கதையைக் கேள்வி கேட்கலாம். வாசல் எத்தனை, காவல் எங்கே, எத்தனை பேர் நிற்கலாம், உலை எங்கே எரிந்தது, யார் வெளியே நின்றார்கள்? மண்டகப்பட்டில் அப்படிக் கேட்டபோதுதான் கொல்லன் கிடைத்தான். அவனைக் கல்வெட்டு படித்தவன் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது மலைகளில் குகைக்கும் பாறைக்கும் புதிதாகக் கதை எழுதும் வேலை மும்முரமாக நடக்கிறது. சுற்றுலாப் பலகை ஒரு பக்கம், டைல்ஸ் போட்ட தரை ஒரு பக்கம், இரும்புக் கதவு ஒரு பக்கம். கதை மாறும்போதே தரைப்படமும் மாறுகிறது. நேற்றுவரை தன் சாமியைத் தானே தொட்டுக் கும்பிட்டவர் நாளைக்கு வரிசையில் நிற்பார். களத்தில் இருக்கும் தோழர்கள் கதையை மட்டும் மறுத்துத் துண்டறிக்கை போட்டால் போதாது. கதவு எந்தப் பக்கம் வைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

திரும்பி வரும்போது, உங்களைப் பற்றி எழுதப்போகிறேன், பேர் போடலாமா என்று குவாரி நண்பரிடம் கேட்டேன். "வேணாங்க. அத ஒருத்தன் படிச்சிட்டு குவாரியில எதாச்சும் சொல்லுவான்" என்றார். மகேந்திரன் கல்லில் விட்டதை நான் காகிதத்தில் விட்டிருக்கிறேன். காரணம் வேறுதான். ஆனால் பெயர் இந்தத் தடவையும் ஏறவில்லை.