மையம் கடைசியில்தான் வரும்

ஒரு மண்டலக் குயில்ட்டை யாரிடம் காட்டினாலும் வாயில் வரும் முதல் சொல் "அடேங்கப்பா, என்ன பொறுமை!" என்பதுதான். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி விரியும் நட்சத்திரம், அதைச் சுற்றி இன்னொரு வளையம் என்று நூற்றுக்கணக்கான துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை அது. பார்த்ததும் அதைச் செய்தவர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்றுதான் கணக்குப் போடுகிறோம். அடுத்து வரும் சொல் "தியானம் மாதிரி இருக்கு." இரண்டும் பாராட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டு அதை வடிவமைத்த பொறியாளரை யாரும் பொறுமைசாலி என்று மெச்சுவதில்லை. நான் எழுதிய கோடைப் பார்த்து இதுவரை எந்த ரிவ்யூவிலும் யாரும் அதைத் தியானம் என்று சொன்னதில்லை. அங்கெல்லாம் "எப்படி யோசிச்சீங்க?" என்று கேட்கிறோம். போர்வை தைத்த பெண்ணிடம் மட்டும் அந்தக் கேள்வி வருவதில்லை. அவர் என்ன யோசித்தார் என்பது அந்தத் துணியிலேயே இருக்கிறது, படிக்கத் தெரிந்தால் போதும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அடிப்படை. குயில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே துண்டுகளால் ஆன துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க நெருக்கமாக ஓட்டுத்தையல். நடுவில் ஒரு உருவம் வைத்து, அதைச் சுற்றிக் கரைகளாக வளர்க்கும் மெடாலியன் வகைப் போர்வைகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 18ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 'மண்டலம்' என்ற பெயர் மிகவும் பிந்தி ஒட்டிக்கொண்டது. கார்ல் யுங் அந்தச் சம்ஸ்கிருதச் சொல்லை எடுத்து மனத்தின் முழுமைக்குச் சின்னமாக ஆக்கிய பிறகு மேற்கில் வட்டமாக, சமச்சீராக இருப்பதெல்லாம் மண்டலம் ஆகிவிட்டது. பெயரோடு கூடவே தியானம், அமைதி, உள்முகப் பயணம் போன்ற சொற்களும் வந்து சேர்ந்தன. அந்தச் சொற்கள் அழகானவை. துணியைப் பற்றி மட்டும் அவை எதுவும் சொல்வதில்லை.

துணிக்கு முன்னால் வரைபடம். நியூயார்க் பிராங்ஸில் வாழும் பாலா நாடல்ஸ்டர்ன் கலைடாஸ்கோப் குயில்ட்டுகளுக்காகவே அறியப்பட்டவர். 2009இல் அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் அவருடைய குயில்ட்டுகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. பல ஆண்டுகள் அவர் வேலை செய்தது ஒரு அடுக்ககத்துச் சமையலறையில், 40 அங்குல வட்ட மேசையில். அதைவிடப் பெரிய மண்டலங்களை அந்த மேசையில் எப்படிச் செய்தார்? முழு வட்டத்தையும் அவர் வரைவதில்லை. பீட்ஸா துண்டு மாதிரி ஒரே ஒரு ஆப்பை மட்டும் வரைகிறார். எட்டு ஆப்பு வேண்டுமென்றால் ஒன்றின் கோணம் 45 டிகிரி, பதினாறு வேண்டுமென்றால் 22.5. மிச்சமெல்லாம் அந்த ஒன்றின் நகல். ஃபங்ஷனை ஒருமுறை எழுதி லூப்பில் எட்டு தடவை கூப்பிடுகிற மாதிரி.

இதில் வடிவமைப்பாளர் உண்மையில் முடிவு செய்வது ஆப்பின் விளிம்பை. விளிம்பில் பாதி இலை வைத்தால் பக்கத்து ஆப்பின் பாதியோடு சேர்ந்து முழு இலையாகும். விளிம்பில் ஒரு சரிவுக்கோடு முட்டினால், தைத்த பிறகு அது 'ட' மாதிரி மடங்கி நிற்கும். அதாவது, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியப்போகும் வடிவங்கள் வரைபடத்தில் இருப்பதில்லை. இரண்டு நகல்கள் சந்திக்கும் இடத்தில்தான் பிறக்கின்றன. நாடல்ஸ்டர்ன் அச்சுத்துணியின் ஒரே பூவை, ஒரே கொடிவளைவை எட்டு இடத்தில் தேடித்தேடி வெட்டுகிறார். வெட்டி முடித்த துணி சல்லடையாகிவிடும். ஆனால் தையல்கோடு எங்கே போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு துணியின் அச்சு பக்கத்துத் துணிக்குள் ஓடிப்போய்விடுகிறது. இல்லாத ஒரு வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் பாதியை மட்டும் வெட்டுவதற்குப் பெயர் பொறுமையா?

அடுத்தது துணி. இங்கேதான் பென்சிலும் கத்தரிக்கோலும் பிரிகின்றன. தாளில் போட்ட கோட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அதே கோடுதான். துணி அப்படி இல்லை. அதில் பாவு நூல் ஒரு திசை, ஊடை நூல் ஒரு திசை. அந்த இரண்டு திசைகளிலும் இழுத்தால் துணி ஓரளவு உறுதியாக நிற்கும். 45 டிகிரி சாய்வாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். நம்மூர் டெய்லர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இந்தத் திசையைத்தான். கிராஸ் கட் பிளவுஸ் உடம்போடு ஒட்டி நிற்பதன் ரகசியமும் இதுதான்.

இப்போது அமெரிக்கக் குயில்ட்டுகளில் மிகப் புகழ்பெற்ற 'லோன் ஸ்டார்' வடிவத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பெரிய சாய்சதுரங்கள் நடுப்புள்ளியில் கூடும் நட்சத்திரம் அது. ஒவ்வொரு பெரிய சாய்சதுரத்துக்குள்ளும் சின்னச் சாய்சதுரங்கள் வரிசைவரிசையாக, நிறம் மாறி மாறி. துணியைப் பட்டைகளாக வெட்டி, பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, அதைச் சாய்வாக நறுக்கி இதைச் செய்யலாம். அப்படிச் செய்யும்போது ஒரு சாய்சதுரத்தின் நான்கு பக்கங்களில் இரண்டு நூலோட்டத்தோடு இருக்கும். மற்ற இரண்டும் சரியாக 45 டிகிரியில், முழு கிராஸில் இருக்கும். கண்ணுக்கு நான்கும் ஒரே நீளம். கைக்கு இரண்டு உறுதி, இரண்டு இழுவை.

இந்தக் கட்டுரைக்காக ஒரு சின்ன எட்டுமுனை நட்சத்திரத்தைத் தைத்துப் பார்த்தேன். மெஷின் தந்து உதவிய டெய்லர் அண்ணன் துணியைக் கையில் வாங்கியதுமே, "கிராஸ் சார் இது. இழுக்காதீங்க, சும்மா வழிகாட்டுங்க, மெஷினே எடுத்துக்கும்" என்றார். தைத்துக்கொண்டு போகும்போதுதான் ஒன்று பிடிபட்டது. எட்டுச் சாய்சதுரங்களும் ஒரே மாதிரி வெட்டப்பட்டவை என்பதால், வட்டமாக அடுக்கும்போது ஒன்றின் உறுதியான பக்கம் அடுத்ததன் இழுபடும் பக்கத்தோடுதான் சேர்கிறது. எட்டுத் தையலிலும் இதே கதைதான். நிற்கும் பக்கம் நழுவும் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த வடிவத்தின் அழகியலே இங்கேதான் இருக்கிறது. மேலே தெரியும் படம் கண்ணாடிச் சமச்சீர்: ஒரு தையலின் இடதும் வலதும் ஒன்றையொன்று பிரதிபலிக்கின்றன. துணி மட்டத்தில் அந்தப் பிரதிபலிப்பு கிடையாது. அங்கே இருப்பது சுழற்சி மட்டுமே. உறுதி, இழுவை, உறுதி, இழுவை என்று ஒரே திசையில் சுற்றிவருகிறது. பின்பக்கம் திருப்பினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டு முனைகள் கூடும் இடத்தில் மடிப்புகள் குவிந்து முடிச்சு மாதிரி தடித்துவிடாமலிருக்க, தையல் மடிப்புகளை எல்லாம் ஒரே திசையில் படியவைத்து இஸ்திரி போடுவார்கள். நடுவில் ஒரு குட்டிக் காற்றாடி உருவாகும். பஞ்சு வைத்துத் தைத்ததும் அது உள்ளே போய்விடும், பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை. முன்பக்கம் அசையாமல் உட்கார்ந்திருக்க, உள்ளே ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அமைதி" என்று நாம் சொல்லும் அந்த முகத்துக்குப் பின்னால் இவ்வளவு நடக்கிறது.

இதோடு பிழையின் கணக்கும் சேர்கிறது. குயில்ட்டில் தையலுக்காக ஓரத்தில் விடுவது கால் அங்குலம். அதில் 1/32 அங்குலம் கூடுதலாக உள்ளே போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் தையல் என்றால் இரண்டு ஓரம், ஆகவே 1/16. ஆறு பட்டைகளுக்கு நடுவே ஐந்து தையல், ஆகவே 5/16. எட்டு மில்லிமீட்டர் போய்விட்டது. கோணத்திலும் இதே கதை. ஒவ்வொரு ஆப்பும் 44 டிகிரியாக அமைந்தால் கூட்டுத்தொகை 352. நடுப்பகுதி கூம்பாக எழும்பும். 46 ஆனால் 368. துணி தரையில் படியாமல் பாவாடைக் கொசுவம் போல அலையடிக்கும். வடிவியலில் வளைவு பற்றிப் படித்தவர்களுக்கு இது புரியும். படிக்காமலே இதைக் கையால் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டவர்கள்தான் இந்தப் போர்வைகளைத் தைத்தவர்கள். சாய்வான துண்டுகளில் வெட்டுவிளிம்பைப் பொருத்தினால் முனைகள் சேராது, விளிம்புக்குக் கால் அங்குலம் உள்ளே, தையல் ஓடப்போகும் கோட்டில் பொருத்த வேண்டும். இந்த ஒரு விஷயத்திலேயே எவ்வளவு முன்யோசனை இருக்கிறது!

கடைசித் தையல் வட்டத்தின் குறுக்கே நீளமாக ஓடும். அதுவரை இருப்பவை இரண்டு பாதிகள், ஒவ்வொன்றிலும் பாதி மையம். வரைபடத்தில் முதல் புள்ளியாக வைத்த மையம் துணியில் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. திரையில் இந்த வரிசை தெரிய வாய்ப்பே இல்லை. ஒரு ஆப்பை வரைந்து எட்டு முறை சுழற்று என்று நிரல் எழுதினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மண்டலம் வந்துவிடும், நானே ஒரு சாயங்காலத்தில் நூறு செய்வேன். அந்த மண்டலத்தில் எதற்கு முன் எது என்ற கேள்வியே எழாது. அதனால் அதன் மையம் மற்ற புள்ளிகளைப் போல ஒரு புள்ளி, அவ்வளவுதான். தைத்த மண்டலத்தின் மையத்துக்கு, அதுவரை செய்த வேலையெல்லாம் சரியா தப்பா என்று சொல்லும் பொறுப்பு இருக்கிறது.

இதற்கு நேரெதிராக வேலை செய்யும் மரபு ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தில் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் கீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர் அது. அங்கே பலருக்கும் பெட்வே என்பதுதான் குடும்பப்பெயர். அது அந்தப் பண்ணையின் முதலாளியுடைய பெயர். அங்கே பெண்கள் தைக்கும் 'ஹவுஸ்டாப்' வகையில் முதலில் நடுத்துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, அடுத்த பக்கத்தில் அடுத்த பட்டை என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வளரும். வேலை செய்து தேய்ந்த உடைகளின் துணியும் அதில் வரும். பட்டையின் நீளத்தை முன்கூட்டிக் கணக்கிட வேண்டியதில்லை, இதுவரை தைத்தது எவ்வளவு நீளமோ அவ்வளவு. கொஞ்சம் கோணினால் அடுத்த பட்டை அந்தக் கோணலைத் தொடரலாம், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் இழுக்கலாம். லோன் ஸ்டாரில் எல்லா முடிவும் வெட்டும்போதே எடுத்தாகிவிட்டது. இங்கே ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு புது முடிவு. வட்டமில்லை, நட்சத்திரமில்லை, இருந்தாலும் இதுவும் மையத்திலிருந்து விரியும் வடிவம்தான். இங்கே மையம் முதலில் வருகிறது, சமச்சீர் வராமலே கூடப் போகலாம்.

இந்த இரண்டையும் விமர்சனம் எப்படி எதிர்கொண்டது? 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டைனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்த குயில்ட்டுகள் வெள்ளைச் சுவரில் ஓவியங்களைப் போலத் தொங்கின. அது பெரிய திருப்பம்தான். குயில்ட் கலை என்று ஒத்துக்கொள்ளப்பட்டது, ஆனால் நவீன அரூப ஓவியம் மாதிரி இருக்கிறது என்ற காரணத்தால். 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் அதே விட்னிக்கு வந்தபோது தைத்தவர்களின் பெயர்களும் கூடவே வந்தன. 2006இல் அவை அமெரிக்கத் தபால்தலைகளிலும் ஏறின. நல்ல விஷயம். ஆனாலும் பேச்சு ஜாஸ், உள்ளுணர்வு, தன்னியல்பு என்றுதான் போனது. சமச்சீராகத் தைத்தால் பொறுமை, கோணலாகத் தைத்தால் உள்ளுணர்வு. இரண்டிலும் மூளை என்ற ஒன்று பேச்சிலேயே இல்லை!

இதன் உச்சம் 'பணிவுத் துண்டு' கதை. கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் ஆமிஷ் பெண்கள் வேண்டுமென்றே ஒரு துண்டைத் தப்பாக வைப்பார்கள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். குயில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இது கட்டுக்கதை என்கிறார்கள். கதை இனிமையானது. ஆனால் அது என்ன செய்கிறது பாருங்கள்: திறமையைப் பொறுமையாக்கியாயிற்று, பிழையையும் பக்தியாக்கிவிட்டது. மாறிக்கிடக்கும் ஒரு துண்டு துணித் தட்டுப்பாட்டால் வந்திருக்கலாம், விளக்கு வெளிச்சத்தில் நிறம் மயங்கியிருக்கலாம், அவருக்கு அப்படித்தான் பிடித்திருக்கலாம். ஒரு கலைஞருக்கு நாம் சாதாரணமாகத் தரும் இந்தச் சாத்தியங்களை இவருக்குத் தர மறுக்கிறோம்.

சுவரில் மாட்டுவதிலும் ஒன்று தொலைகிறது. வடக்குச் சமவெளிகளின் லக்கோட்டா மக்களிடம் எட்டுமுனை நட்சத்திரக் குயில்ட் விடிவெள்ளியின் சின்னம். பிறப்புக்கும் இறப்புக்கும் கௌரவத்துக்கும் அதைக் கொடுப்பார்கள். மரியாதை செய்ய வேண்டியவரின் தோளில் போர்த்துவார்கள், இறந்தவரின் பெட்டிமேல் விரிப்பார்கள். தோளில் விழுந்ததும் வட்டம் வட்டமாக இருக்காது. முனைகள் மடியும், மையம் முதுகுக்கு நடுவில் போய் உட்காரும். போர்த்திக்கொண்டவரால் அதைப் பார்க்க முடியாது, பின்னால் நிற்பவர்கள்தான் பார்ப்பார்கள். இப்படி மடங்கவும் விழவும் துவைக்கவும் படப்போகிறது என்று தெரிந்தே அந்த எட்டுத் தையலும் போடப்பட்டிருக்கிறது.

அடுத்த முறை ஒரு மண்டலக் குயில்ட் கண்ணில் பட்டால், முடிந்தால் அதன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். எந்தத் தையல் முதலில் விழுந்தது, எது கடைசி, எந்தப் பக்கம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். தைத்தவர் பக்கத்தில் இருந்தால் எத்தனை நாள் ஆச்சு என்று கேட்காதீர்கள். நடுவில் எட்டு முனையும் எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.