பதினோராம் மணிக்காரர்கள்

கிருபையைப் பற்றிப் பவுல் நிருபம் நிருபமாக எழுதினார். இயேசு அதை ஒரு கூலிக் கணக்கில் வைத்துச் சொன்னார். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில், பதினாறே வசனங்களில் முடிந்துவிடும் திராட்சத் தோட்டக் கதை. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இது கிடையாது.

தோட்டத்துச் சொந்தக்காரர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கு, உச்சிவேளையில், மூன்று மணிக்கு மறுபடியும் போகிறார். ஐந்து மணிக்கும் போகிறார். பகலைப் பன்னிரண்டு மணியாகப் பிரித்த அந்தக் காலக் கணக்கில் அது பதினோராம் மணி. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்தான். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி.

இதில் நான் திரும்பத் திரும்ப வியப்பது, பேச்சு எப்படித் தேய்ந்துகொண்டே போகிறது என்பதை. விடியலில் வந்தவர்களுக்குத் தொகை பேசியாயிற்று. ஒன்பது மணிக்காரர்களுக்குத் தொகை இல்லை, நியாயமானதைத் தருகிறேன் என்ற சொல் மட்டும். ஐந்து மணிக்காரர்களுக்கு அந்தச் சொல்லும் இல்லை, போங்கள் என்பதோடு சரி. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அவர்களுக்கும் கூலி வாக்கு உண்டு. நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளான சினாய் ஏட்டிலும் வத்திக்கான் ஏட்டிலும் அது காணப்படவில்லை. அந்த ஏடுகளின்படி, அவர்கள் கையில் எதுவும் இல்லாமல், அவர் முகத்தை நம்பியே தோட்டத்துக்குள் போகிறார்கள்.

இன்னொன்று. சொந்தக்காரருக்கு ஒரு காரியஸ்தன் இருக்கிறான்; மாலையில் கூலி கொடுக்கும்போதுதான் தலைகாட்டுகிறான். காசு கொடுக்க ஆள் வைத்திருப்பவர், ஆட்களைத் தேட மட்டும் யாரையும் அனுப்பவில்லை. ஐந்து தடவையும் தாமே நடக்கிறார். வேலை தேங்கிக் கிடந்ததாகக் கதையில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்காக யார் ஆள் எடுப்பார்கள்? பகலெல்லாம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அந்தப் பதிலை அவர் துருவிப் பார்ப்பதில்லை. அதுவே போதுமான தகுதியாகிவிடுகிறது.

கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அதன்படி கூலி கொடுக்கப்படுகிறது; ஆனால் கடைசியில் வந்தவர்கள் முதலில் வாங்குகிறார்கள். வரிசை நேராக இருந்திருந்தால், விடியலில் வந்தவர்கள் தங்கள் தெனாரியத்தோடு நிம்மதியாக வீடு போயிருப்பார்கள், சண்டையே வந்திராது. அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றே வரிசை திருப்பப்பட்டிருக்கிறது. பார்த்ததும் மனசுக்குள் கணக்கு ஓடுகிறது, நமக்கு அதிகம் கிடைக்கும் என்று.

அவர்களுடைய முறுமுறுப்பைக் கதை ஏளனம் செய்வதில்லை. பகலின் பாரத்தையும் வெயிலையும் அவர்கள் சுமந்தது உண்மை. கூலியை ஏமாற்றினீர் என்று அவர்கள் சொல்லவில்லை, இவர்களை எங்களுக்குச் சமமாக்கினீரே என்பதுதான் வலி. சொந்தக்காரர் அவர்களில் ஒருவனைத் தனியாகப் பார்த்து, சிநேகிதன் முறையில் அழைத்துப் பேசுகிறார். பேசிய தெனாரியத்தில் ஒரு காசு குறையவில்லை. கிருபை யாருடைய மடியிலும் கைவைக்கவில்லை. அவர் தம் பையிலிருந்தே கொடுத்தார். ஒரு தெனாரியம் சாதாரணமாக ஒருவனின் நாள்கூலி. ஒரு மணி நேரக் கணக்குப் பார்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால், கடைசியில் வந்தவன் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

ஜான் ரஸ்கின் 1860-ல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்குத் தலைப்பு இந்தக் கதையிலிருந்துதான் வந்தது. 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் அந்தக் கட்டுரைகளைப் புத்தகமாகப் படித்த காந்தி, அவற்றைத் தழுவி எழுதியபோது சர்வோதயம் என்று பெயரிட்டார். அந்தக் கிளை வழி பெரியது. எனக்கு இன்னும் நெருக்கமானது கிழக்குத் திருச்சபைகளின் வழக்கம். அங்கே ஈஸ்டர் வழிபாட்டில், யோவான் கிறிசோஸ்தோம் பெயரில் வழங்கும் ஒரு சிறு பிரசங்கத்தை ஆண்டுதோறும் வாசிக்கிறார்கள். முதல் மணியில் வந்தவர், மூன்றாம் மணியில் வந்தவர் என்று வரிசையாக அழைத்து, பதினோராம் மணியில் வந்தவனிடம், தாமதத்துக்காகப் பயப்படாதே என்று அது தேற்றுகிறது. நாற்பது நாளும் நோன்பிருந்தவர்கள், ஒரு நாளும் இராதவர்களோடு பக்கத்தில் நின்று அதைக் கேட்கிறார்கள்.

இந்தக் கதை பிறந்ததே பேதுருவின் கேள்வியால்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று முந்தின அதிகாரத்தில் அவர் கேட்டிருந்தார். கதை முடிந்து சில வசனங்கள் கழிவதற்குள் செபெதேயுவின் மனைவி வந்து, தன் மகன்களில் ஒருவனுக்கு வலப்பக்கமும் மற்றவனுக்கு இடப்பக்கமும் இடம் கேட்கிறாள். அதைக் கேட்டு மற்றப் பத்துச் சீடர்களுக்கும் கோபம் வருகிறது.