பழைய போட்டும் அதன் ஒட்டுகளும்

பழைய ஃபைபர் போட்டை விலை பேச வருகிற விவரமான ஆள் உச்சிவெயிலில் வரமாட்டார். அந்த வெளிச்சத்தில் எல்லாப் போட்டும் லட்சணமாகத்தான் இருக்கும். காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வந்து, அணியத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கச்சுவர் நெடுகப் பார்வையை ஓடவிடுவார். மேலே நீலப் பெயிண்ட் பளபளத்தாலும் அடியில் எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே பட்டி பூசி மழுப்பியிருக்கிறார்கள் என்பதைச் சாய்ந்த வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

பொன்னேரியிலிருந்து வடகிழக்கே 20 கிலோமீட்டர் போல் போனால் பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் நம் பக்கம். இங்கே பழைய போட்டுக்கென்று கடையோ போர்டோ கிடையாது. மீன் ஏலம் நடக்கிற இடத்தில் பேச்சோடு பேச்சாக, “அவங்க போட்டைக் குடுக்கப் போறாங்களாம்” என்று காதில் விழும். அவ்வளவுதான் விளம்பரம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரியில் தூண்டில் போடப் போகிறவர்கள் பழைய அலுமினியப் படகைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். அங்கே நன்னீர். முப்பது நாற்பது வருஷத்துப் படகானாலும் ரிவெட் ஓரமாகக் கசிகிறதா என்பதுதான் முதல் கவலை. பழவேற்காட்டுக் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையிலோ ஏரி உப்பேறிக் கிடக்கும். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பு போல்ட்டும் ஒட்டி இருந்தால் அரித்துப்போவது அலுமினியம்தான். ஓட்டை விழுந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. ரெசின், கண்ணாடியிழை மேட், ஹார்டனர், ஒரு பிரஷ் இருந்தால் மணலில் உட்கார்ந்தே வேலையை முடித்துவிடலாம்.

2004 டிசம்பர் 26-க்கு முன்பே ஃபைபர் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. ஆனால் கட்டுமரத்தையும் மர வள்ளத்தையும் அது வேகமாக ஓரங்கட்டியது சுனாமிக்குப் பிறகுதான். நிவாரணப் போட்டுகள் தமிழகக் கரையெங்கும் வந்து குவிந்தன. அவசரத்தில் வார்த்தவற்றில் நல்லதும் இருந்தது, நோஞ்சானும் இருந்தது. அதனால் அந்தக் காலத்துப் போட்டு என்றால் வயதைக் கேட்பதைவிட உடம்பைப் பார்ப்பது மேல்.

உடம்பைப் பார்ப்பது என்றால் தட்டிப் பார்ப்பது. மண்பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதைப் போலத்தான். விரல் முட்டியால் அணியத்திலிருந்து பின்புறம் வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் ‘ணங்’ என்று கெட்டியான சத்தம் வரும். திடீரென்று ஓரிடத்தில் ‘பொத்’ என்று அமுங்கும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன என்று பொருள். பக்கத்தில் நிற்பவர்கள் அந்த நேரம் பேச்சை நிறுத்திவிட்டால் விவரமறிந்தவர்கள் என்று கொள்ளலாம்.

அடுத்தது அடிப்பாகத்தில் கொப்புளம். மேல்பூச்சுக்குள் மெல்லப் புகுந்த தண்ணீர் உள்ளே பிசினோடு சேர்ந்து புளித்து, அம்மைக் கொப்புளம் அளவில் உப்பி நிற்கும். ஆணி முனையால் ஒன்றைக் குத்தினால் பிசுபிசுவென்று ஒரு சொட்டு வரும். மோந்து பார்த்தால் காடி வாடை. நாலைந்து இருந்தால் விலையைக் குறைக்கலாம்; அடி முழுக்க இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். போட்டு தண்ணீர் குடித்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. கரையேற்றும்போது கூட நின்று தள்ளிப் பார்க்க வேண்டும். முன்பு நான்கு பேர் தள்ளியதற்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருந்தால், மிதப்புக்காக அடைத்து வைத்த ஃபோமுக்குள் தண்ணீர் போய் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு இதில் பிடித்த பகுதி ஒட்டு வேலை. பத்து வருஷம் ஓடிய போட்டில் ஒட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆளி ஓடு கிழித்திருக்கும், முகத்துவாரத்து மணல் தேய்த்திருக்கும், பக்கத்துப் போட்டு இடித்திருக்கும். யார் கையால், எப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. கைதேர்ந்தவர் ஓட்டையை அப்படியே அடைக்கமாட்டார். சுற்றிலும் ஒரு கையகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துவிட்டு, அளவு மாற்றி மாற்றி வெட்டிய மேட்டை ஒவ்வொன்றாக வைப்பார். பிரஷ்ஷை இழுக்கமாட்டார், குத்துவார். இழுத்தால் இழை கலைந்துவிடும், குத்தினால் காற்று வெளியேறும். வெள்ளையாக இருக்கும் மேட், ரெசினைக் குடிக்கக் குடிக்கக் கண்ணாடியாக மாறி உள்ளே மறைந்துபோகும். அந்த மாற்றம் முழுதாக நடக்கும்வரை அடுத்த அடுக்குக்குப் போகாத பொறுமைதான் வேலைத்திறன். கோடை நாளில் ஹார்டனரைக் குறைத்து ஊற்றுவார். கூடினால் ஒட்டு கொதித்து, பழுப்பேறி, வெடிப்பு விடும். உள்பக்கம் பெயிண்ட் படாத மூலையில் இப்படி ஒரு ஒட்டைப் பார்க்கலாம். விரலை ஓடவிட்டால் எங்கே பழசு முடிந்து எங்கே புதுசு தொடங்குகிறது என்று பிடிபடாது. அவசர ஒட்டில் வெள்ளை இழைகள் நரைமுடியாக அப்படியே உள்ளே நிற்கும்.

ஒட்டைக் காட்டி விலையைக் குறைப்பது வாங்குகிறவர் வழக்கம். அதற்கு நல்ல பதிலும் உண்டு: “அண்ணே, அந்த இடம் மட்டும்தான் என் கையால செஞ்சது. மத்ததெல்லாம் எவனோ அச்சுல வார்த்தது. நீங்க எதுக்குக் காசு குறைக்கிறீங்க?”

விளிம்பையும் தடவிப் பார்க்க வேண்டும். வலைக்கயிறு இழுத்து இழுத்து ஒரு பக்க விளிம்பில் விரல் பதியும் தடம் விழுந்திருக்கும். மறுபக்கம் சொரசொரப்பு அப்படியே இருக்கும். எந்தப் பக்கம் நின்று வலையை இழுத்தார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. இஞ்சின் பூட்டும் இடத்தில் போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரமாக வெடிப்பு ஓடியிருந்தால், டீசல் இஞ்சினின் அதிர்வை அந்த இடம் தாங்கவில்லை.

ஏரிக்கா, கடலுக்கா என்பதையும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஏரியில் பல இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். கழி ஊன்றித் தள்ளவோ பாய் விரிக்கவோ தட்டையான அடி வேண்டும். கடலுக்கென்று வார்த்த போட்டு சேற்றில் உட்கார்ந்துவிடும். அதோடு, போட்டை வாங்கலாம், பாட்டை வாங்க முடியாது. பாடு என்பது கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மூன்றும் சீட்டுப் போட்டு முறை வைத்து இறால் பிடிக்கும் இடங்கள்; அவை அந்த ஊர்க்காரருக்கு மட்டும் உரியவை. ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்கு ஒரு போட்டு என்று சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபின் சவாரிக்குத் தடை விழுந்தது.

காகிதம் கடைசி. போட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, மீன்வளத்துறையில் பெயர் மாற்ற வேண்டும்; வரிவிலக்கு டீசல் அந்த எண்ணோடுதான் வரும். இஞ்சின் சேர்த்தா சேர்க்காமலா என்பது தனிப் பேரம். நான் என்றால் வெறும் போட்டுக்குத்தான் விலை கேட்பேன். ஓடுகிற இஞ்சினின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தால், தட்டிப் பார்க்கும் சத்தம் காதில் விழாது.