மழை சொல்லும் விடை போதுமா?

ஜேரட் டயமண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1997-இல் எழுதிய 'துப்பாக்கிகள், கிருமிகள், எஃகு' என்னும் நூல் உலகெங்கும் பேசப்பட்டது. 1998-இல் புலிட்சர் பரிசும் பெற்றது. சில மக்கள் மற்றவர்களை வென்று ஆண்டதற்குக் காரணம் அவர்களுடைய அறிவோ நிறமோ அன்று. அவர்கள் வாழ்ந்த இடத்தின் பயிர்களும் விலங்குகளும் தட்பவெப்பமுமே என்பது நூலின் மையக் கருத்து. இனவெறிக்கு இது நல்ல மருந்து. ஆனால் தென்னாப்பிரிக்காவில் டச்சுக்காரர் குடியேறிய கதைக்கு அந்நூல் தரும் விளக்கம் முழுமையானதா? சற்று ஆராய்வோம்.

அவருடைய வாதம் இதுதான். ஆப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையான நன்னம்பிக்கை முனையில் குளிர்காலத்தில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்டு வரை, நல்ல மழை பெய்கிறது. கோடை வறண்டது. பாண்டு மொழிகளைப் பேசிய ஆப்பிரிக்க உழவர்களின் பயிர்களோ சோளமும் கம்பும். நமக்கு நன்கு பழக்கமான இவ்விரண்டின் தாயகமும் ஆப்பிரிக்காதான். கோடை மழையை நம்பிய இப்பயிர்கள் முனையில் விளையா. ஆகவே சோசா இன உழவர்கள் கிழக்கே ஃபிஷ் ஆற்றுப் பக்கத்திலேயே நின்றுவிட்டனர். முனையில் இருந்தவர்கள் ஆடுமாடு மேய்த்த கொய்கொய் மக்களும் வேட்டையாடிய சான் மக்களுமே. டச்சுக்காரர் கொண்டுவந்த கோதுமை குளிர்கால மழைப் பயிர். எனவே அவர்கள் அங்கே வேரூன்றினர்.

இதில் பௌதிகம் சரியே. குளிர்காலத்தில் மேலைக் காற்று மண்டலம் வடக்கே நகர்ந்து முனைக்கு மழை தருகிறது. கோடையில் தெற்கே விலகுகிறது. சோசா உழவர்கள் ஏன் முனைக்கு வரவில்லை என்பதற்கு இது அழகான விடை. ஆனால் முனை எப்படி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று என்பது வேறு கேள்வி. தீ எரிய ஆக்ஸிஜன் வேண்டும். அதற்காக, வீடு எரிந்தால் ஆக்ஸிஜன்தான் காரணம் என்று எழுதிவிட்டு விசாரணையை முடிப்போமா? தீக்குச்சியைக் கிழித்தது யார் என்று கேட்க மாட்டோமா?

நடந்ததைப் பார்ப்போம். 1652 ஏப்ரல் 6-ஆம் நாள் யான் வான் ரீபெக் முனைக்கு வந்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அனுப்பியது நாடு பிடிக்க அன்று. ஸ்கர்வி நோயால் வாடிய கப்பலாட்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கிடைக்கச் செய்யவே. இறைச்சிக்கு வேண்டிய மாடுகளைக் கொய்கொய் மக்களிடம் வாங்க வேண்டியிருந்தது. மேசை மலையடியில் விதைத்த கோதுமையைத் தென்கிழக்குக் காற்று பாழாக்கியது. பிறகுதான் காற்று மறைவான பக்கத்திற்கு உழவு மாறிற்று.

1657-இல் கம்பெனி தன் ஊழியர் ஒன்பது பேரை விடுவித்து, லீஸ்பேக் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தது. அது தரிசு நிலம் அன்று. கொய்கொய் மக்கள் பருவந்தோறும் மந்தைகளை ஓட்டிவந்த மேய்ச்சல் நிலம்! 1659-இல் போர் மூண்டது. 1660-இல் சமாதானம் பேசியபோது, "நாங்கள் ஹாலந்துக்கு வந்து இப்படிச் செய்தால் விடுவீர்களா?" என்ற பொருள்பட அவர்கள் கேட்டதை வான் ரீபெக்கின் நாட்குறிப்பே பதிவு செய்திருக்கிறது. போரில் வென்ற நிலம், திருப்பித் தர இயலாது என்பதே அவருடைய பதில். மழையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

உழுதது யார்? 1658-இல் இரு கப்பல்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வந்திறங்கினர். பின்னர் மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா ஆகிய இடங்களிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் அவர்களுள் உண்டு. 1713-இல் கப்பல் வழியாக வந்த பெரியம்மை கொய்கொய் மக்களைச் சூறையாடியது. கிருமிகளைப் பற்றி டயமண்ட் விரிவாகவே எழுதுகிறார். ஆனால் பயிரையும் மழையையும் கொண்டு அவர் கோத்த சங்கிலியில் அடிமைகளின் கைகளுக்கு இடம் இல்லை.

இது வெறும் நுணுக்க வாதம் அன்று. 1994 வரை நீடித்த வெள்ளையர் ஆட்சியின்போது, ஐரோப்பியர் வந்தபோது நிலம் காலியாகவே கிடந்தது என்னும் கதை பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்றது. டயமண்ட் அப்படிச் சொல்லவில்லை. இனவெறிக்கு எதிரானவர் அவர். எனினும் மழை வரைபடத்தோடு கதையை முடித்துக்கொள்ளும் வாசகர், அதே முடிவுக்கு அறியாமலே வந்துவிடக்கூடும்.

மாணவர்கள் இந்நூலை அவசியம் படிக்க வேண்டும். எது விளையும் என்பதை வானிலை சொல்லும். விளைநிலம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். இந்த இரண்டையும் பிரித்தறிந்து படித்தால் நூலின் பயன் இருமடங்காகும்.